வேலைத்தலமும் விசுவாசமும்: டாரதி சேயர்ஸின் உரை குறித்து ஒரு திறனாய்வு

நம் சபையார் ஞாயிறுதோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆலயத்தில் அமர்ந்திருக்கின்றனர். வாரத்தின் ஏனைய நாட்களில் நாற்பது, ஐம்பது மணி நேரத்தை அலுவலகத்திலும், ஆலையிலும், வயலிலும், வகுப்பறையிலும் செலவிடுகின்றனர். நமது பிரசங்கங்களோ பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்தையும் குடும்ப வாழ்வையுமே சுற்றி வருகின்றன. வேலைத்தலத்தைப் பற்றிப் பேச நேரும்போது, நேர்மையாயிருங்கள், உடன் வேலை செய்வோருக்குச் சாட்சி கூறுங்கள் என்ற இரு அறிவுரைகளோடு நிறுத்திக்கொள்ளுகிறோம். இப்பழக்கத்தைக் கடுமையாகத் தாக்கிய ஓர் உரையை இங்கு ஆராய்வோம். அது ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஈஸ்ட்போர்ன் நகரில் ஆற்றிய ‘ஏன் உழைக்க வேண்டும்?’ என்னும் உரையாகும். இறையியல் கல்லூரிகளில் இது இன்றும் படிக்கப்படுகிறது. ஆயினும் பாராட்டோடு படிக்கப்படும் அளவிற்கு ஆய்வோடு படிக்கப்படுவதில்லை.

1. உரையின் பின்னணி

சேயர்ஸ் (1893–1957) ஒரு குருவானவரின் மகள். துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்றவர். 1922 முதல் 1931 வரை இலண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கு கண்டவற்றை வைத்து 1933இல் ஒரு நாவலும் எழுதினார். தேவையற்ற பொருளைத் தேவையானதென்று நம்பச் செய்வதற்கு எத்துணைத் திறமை செலவாகிறதென்பதை அவர் உள்ளிருந்தே அறிந்தவர். போர்க்காலத் தட்டுப்பாடு, எது தேவை, எது வீண் என்ற கேள்வியை மக்கள் முன் வைத்திருந்த வேளையில் அவர் இவ்வுரையை ஆற்றினார். போர் முடிந்தபின் பழைய வீண்செலவு வாழ்வுக்கே திரும்பப் போகிறோமா என்பது அவரது தொடக்கக் கேள்வி.

2. உரையின் மையக் கருத்துகள்

அவர் மூன்று கருத்துகளை முன்வைக்கிறார். முதலாவது, மனிதன் பிழைப்பதற்காக உழைப்பவன் அல்லன். படைப்பாளராகிய கடவுளின் சாயலில் உண்டாக்கப்பட்டவனாதலால், உழைப்பதே அவன் வாழ்வின் நோக்கம். இரண்டாவது, உலகத் தொழிலும் தெய்வீக அழைப்பே என்பதைத் திருச்சபை ஏற்கவேண்டும். தச்சன் ஒருவனிடம், குடிக்காதே, ஞாயிறன்று ஆலயத்திற்கு வா என்று மட்டும் கூறும் சபை அவனுக்கு முதன்மையானதைக் கூறாமல் விடுகிறது. நல்ல மேசை செய் என்பதே அவனுடைய விசுவாசம் அவனிடம் கேட்கும் முதற்காரியம். மூன்றாவது, உழைப்பாளியின் முதற்கடமை சமுதாயத்திற்கு ஊழியம் செய்வதன்று, வேலைக்கே ஊழியம் செய்வது. சமுதாயத்தின் பாராட்டை நோக்கி உழைப்பவனின் கண் வேலையைவிட்டு விலகிவிடும் என்பது அவர் வாதம்.

3. நாம் ஏற்கவேண்டியவை

இரண்டாவது கருத்து புதியதன்று. திருமுழுக்குப் பெற்ற யாவரும் ஆசாரியரே என்றும், செருப்புத் தைப்பவர், கொல்லர், உழவர் ஆகியோரின் பணியும் குருவானவரின் பணியைப்போலவே கடவுளுக்கு உரியது என்றும் லூத்தர் 1520லேயே எழுதினார். சேயர்ஸ் அதற்குக் கூர்மை சேர்க்கிறார். மிஷனெரியாகப் புறப்படுவோரை ஆலயத்தின் முன்நிறுத்தி ஜெபிக்கிறோம். செவிலியராக, மின்வாரியப் பணியாளராக, கணக்கராகப் பணியேற்போரை அவ்வாறு நிறுத்துவதில்லை. அறுப்பின் பண்டிகையில் விளைச்சல் பீடத்திற்கு வருகிறது. அதை விளைவித்த உழைப்பு எத்தகையது, அதற்கு உரிய கூலி கொடுக்கப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. வேலையின் தரமே ஆராதனையின் ஒரு பகுதி என்பதை நாம் அவரிடம் கற்றுக்கொள்ளவேண்டும். ஆசரிப்புக் கூடாரத்தின் கைவினைஞனாகிய பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் கூறுவதும் இதற்கு வலுவூட்டுகிறது.

4. உரை காணத் தவறியவை

எனினும், சேயர்ஸின் மூன்றாவது கருத்து ஒரு கலைஞரின் கருத்தாகும். நாவலும் நாடகமும் எழுதுபவர், தம் வேலைக்கே தம்மை ஒப்புக்கொடுக்கலாம். அந்த வேலை அவருடையது. சங்கு ஊதியதும் ஆலைக்குள் சென்று, தான் தேர்ந்தெடுக்காத ஒரு பொருளின் ஒரு துண்டை நாள் முழுதும் செய்கிறவருக்கு ‘வேலைக்கு ஊழியம்’ என்பதன் பொருள் யாது? ஆயிரம் எண்ணிக்கைக்குக் கூலி பெறும் பீடித் தொழிலாளிக்கு, நேர்த்தியாகச் சுற்று என்று மட்டும் போதிப்பது சுவிசேஷமாகுமா? அவருடைய நேர்த்தியால் இலாபம் அடைபவர் வேறொருவர். வேலை அற்பமானதாக இருக்கக்கூடும் என்பதைச் சேயர்ஸ் உணர்ந்திருந்தார். அத்தகைய வேலையை மறுக்கவேண்டும் என்றும் கூறுகிறார். ஆனால் மறுப்பதற்கு வழியில்லாதவர்களைப் பற்றி அவர் போதிய அளவு சிந்திக்கவில்லை.

நமது நாட்டில் இக்குறை பன்மடங்காகிறது. இங்கே தொழில் பிறப்போடு கட்டப்பட்டிருந்தது. பலருக்கு இன்னும் அவ்வாறே இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதனினும் விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்தன. அதன் பின்னரும் மனிதர் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி மூச்சடைத்து மாண்டிருக்கின்றனர். இவர்களை நோக்கி, உன் வேலை உன் அழைப்பு என்று பிரசங்கிப்பது, சாதியின் தீர்ப்பைக் கடவுளின் தீர்ப்பாக்குவதாகும்.

இங்கு 1 கொரிந்தியர் 7:20 கவனத்திற்குரியது. ‘கிளேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை நம் பழைய தமிழ்த் திருமறை 1:26இல் ‘அழைப்பு’ என்றும், 7:20இல் ‘நிலைமை’ என்றும் மொழிபெயர்க்கிறது. பின்னதை மட்டும் வாசிக்கிறவர், பிறந்த நிலையிலேயே கிடக்கும்படி பவுல் கட்டளையிடுவதாக எண்ணிவிடுவார். ஆனால் அடுத்த வசனம் அடிமையின் விடுதலையைப் பற்றிப் பேசுகிறது. அதன் கிரேக்க வாக்கியம், எதைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும் என்பதை வெளிப்படையாகக் கூறாததால் இருவகை விளக்கத்திற்கும் இடமளிக்கிறது. நமது மொழிபெயர்ப்பாளர் விடுதலையின் பக்கமே நின்றனர். கிறிஸ்துவுக்குள் வந்த அழைப்பே மாறாதது; தொழில் மாறலாம்.

குரோஷிய நாட்டில் பிறந்த இறையியலாளர் மிரோஸ்லாவ் வோல்ஃப் 1991இல் வெளியிட்ட நூலில் லூத்தரின் கொள்கையை இதே கோணத்தில் திறனாய்வு செய்தார். வேலையை ‘அழைப்பு’ என்பதைவிட ஆவியானவரின் ‘வரம்’ என்ற கோணத்தில் காண்பதே நலம் என்பது அவர் கருத்து. வரங்கள் பல, காலத்திற்கேற்ப மாறுபவை, மனிதனைச் சிதைக்கும் வேலையை வரம் என்று எவரும் கூறத் துணியார். சேயர்ஸின் உரையோடு இக்கருத்தையும் சேர்த்துப் படித்தல் அவசியம்.

5. நாகமானின் விண்ணப்பம்

வேலைத்தலத்தில் விசுவாசத்தைக் காப்பது, நல்ல மேசை செய்வதைவிடச் சிக்கலானது. அளக்காத வேலையை அளந்ததாகப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடும்படி மேலதிகாரி ஓர் இளம் பொறியாளரை வற்புறுத்துகிறார் என்று கொள்வோம். மறுத்தால் தொலைதூர மாறுதல்; வீட்டில் நோயுற்ற தாய். எபிரெய மருத்துவச்சிகளாகிய சிப்பிராளும் பூவாளும் அரசனின் ஆணையை மீறினர். நாகமானோ தன் எஜமானுடன் ரிம்மோன் கோவிலில் குனிய நேரும்போது அதைக் கர்த்தர் மன்னிக்கவேண்டும் என்று முன்னதாகவே விண்ணப்பித்தான் (2 இராஜாக்கள் 5:18). எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, ‘அது சரி’ என்றும் கூறவில்லை, சமாதானத்தோடே அனுப்பினான். நாகமானின் சிறப்பு, தன் சிக்கலைத் தீர்க்கதரிசியிடம் சொல்ல முடிந்ததிலேயே உள்ளது. அவன் குனிந்தது ஒரு சடங்கு. பொய்க் கணக்கோ பாலத்தில் நடப்பவரின் உயிரைத் தொடுவது. ஆதலால் இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஆயினும் அந்தப் பொறியாளர் தம் ஆயரிடம் வந்து இதைச் சொல்லக்கூடுமா என்ற கேள்வி நம்மைச் சுடவேண்டும். தனித்து நிற்கும்படி போதித்துவிட்டு, மாறுதல் வந்தபின் அவர் தாயைக் கவனிக்காத சபை, அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசும் உரிமையை இழக்கிறது.

6. ஆயர்களுக்கு

திருச்சபையும் ஒரு முதலாளி. நமது பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கின்றனர். ஆசிரியர் நியமனத்திற்குப் பணம் கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு எழும் இடத்தில், வேலைத்தல நேர்மையைக் குறித்து எத்துணை நன்றாகப் பிரசங்கித்தாலும் அது செவிகளில் ஏறாது. கொலோசெயர் நிருபம் ஊழியருக்குக் கூறியதை வாசித்துவிட்டு, 4:1இல் எஜமான்களுக்குக் கூறியதை விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. உபவாசத்தைக் காட்டிலும் முன்னதாக, ஆயக்காரரிடமும் போர்ச்சேவகரிடமும் அவர்கள் சம்பளத்தையும் வசூலையும் பற்றியே யோவான் ஸ்நானகன் பேசினான் (லூக்கா 3:12–14). அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

ஆகவே சேயர்ஸின் உரை மாணவர் கையில் இருக்கவேண்டிய ஒன்றே. வேலையை மதிக்க அது நமக்குக் கற்பிக்கிறது. வேலை செய்பவரை மதிக்க நாம் திருமறையிடமே திரும்பவேண்டும். ஆயர்கள் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, ஜெபிக்குமுன் ஒரு கேள்வி கேட்டுப் பழகலாம்: “வேலை செய்யுமிடத்தில் உங்களுக்கு என்ன பாரம்?” அதற்கு வரும் விடைகள் நமது அடுத்த ஞாயிறின் பிரசங்கத்தை நிச்சயம் மாற்றும்.