விருந்தாளியின் கண்

குற்றாலத்தில் ஸீஸன் வந்துவிட்டால் தென்காசி வரைக்கும் ஜாகை கிடைப்பது அரிது. நாலு நாள் தங்குகிறோம். அருவியில் தலையைக் கொடுக்கிறோம். ஊர் திரும்பிக் கதை எழுதுகிறோம். கதையில் சாரல் இருக்கும், குரங்கு இருக்கும். நமக்குச் சோறாக்கிப் போட்டவள் இருக்கமாட்டாள்.

1968-ல் நோபல் பரிசு பெற்ற யசுனாரி கவாபட்டா, யுஸாவா என்ற வெந்நீர் ஊற்று ஊரின் விடுதியில் தங்கி எழுதிய 'பனி நாடு' நாவலைப் படித்தபோதுதான் இந்தக் குறை எனக்கு உறைத்தது. நாயகன் ஷிமாமுரா டோக்கியோவிலிருந்து வரும் விருந்தாளி. கண்ணால் காணாத மேனாட்டு நடனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவன். பனியூரிலேயே கிடக்கும் கொமாகோ, படித்த கதைகளையெல்லாம் நோட்டில் குறித்து வைப்பதைக் கேட்டதும், வீண் வேலை என்று தள்ளிவிடுகிறான். யாருடைய வேலை வீண் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் அவன் இல்லாத நாட்களில் அவள் என்ன செய்தாள் என்பதை நாம் நேரே காண்பதில்லை. அது ஒரு குறைதான். திரிகூடராசப்பக் கவிராயர் மலைவளத்தைக் குறத்தியின் வாயாலேயே சொல்ல வைத்தார். அவள் அந்த மலைக்காரி.

சாரல் நின்று விடுதி காலியான பிறகும் குற்றாலத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். என் கதைகளில் இதுவரை அவர்கள் வாழவில்லை.