சுண்ணாம்பு சர்வரோக நிவாரணியா?

கரிசல் மண்ணில் வீடோ சாலையோ போடப் போகிறீர்களா? "நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பைக் கலந்து இறுக்குங்கள், கவலை தீர்ந்தது" என்று யோசனை சொல்வோருக்குக் குறைவில்லை. இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதுதான் குறை.

முதலில் உண்மையைப் பார்ப்போம். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம், மெல்லிய ஏடுகளை அடுக்கி வைத்தது போன்றது. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. வற்றினால் பாளம் பாளமாக வெடிக்கிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் அயனிகள், ஏடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை வெளியேற்றுகின்றன. சில மணி நேரத்திலேயே மண்ணின் பிசுபிசுப்புக் குறைகிறது. பின்னர், பி.எச். 12.4 வரை உயர்ந்த காரச் சூழலில் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்துடன் கூடிச் சிமெண்ட் போல் இறுகுகின்றன. இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும்.

ஆனால் மண்ணில் ஜிப்சம் போன்ற சல்பேட் உப்புகள் இருந்தால்? அலுமினா, கால்சியம், சல்பேட் மூன்றும் நீருடன் சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் படிகமாகின்றன. அதன் வாய்பாட்டில் 26 நீர் மூலக்கூறுகள்! வளரும் படிகம் மண்ணையே தூக்கிவிடுகிறது. உப்பலுக்கு இட்ட மருந்தே உப்பலுக்குக் காரணமாகிறது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் ஸ்டூவர்ட் அவென்யூ சாலை இப்படித்தான் 1970-களில் மேடிட்டுப் பாழாயிற்று. பேராசிரியர் ஜேம்ஸ் மிட்செல் 1986-இல் வெளியான தமது டெர்சாகி சொற்பொழிவில் இதை விளக்கியுள்ளார்.

'அது அமெரிக்கா' என்று தள்ளிவிட வேண்டாம். நமது பெரம்பலூர் மாவட்டத்தில், காரைப் பகுதிக் களிமண்ணில் ஜிப்சம் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

பலரும் செய்யும் சோதனை ஒன்றுதான்: 10 கிராம் மண்ணை நீரிலும், மற்றொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் இட்டு, 24 மணி நேரம் கழித்துக் கன அளவை ஒப்பிடுவது. மண் உப்புமா என்பதை இது சொல்லும். சுண்ணாம்பு ஏற்குமா என்பதைச் சொல்லாது. எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்பதைப் பி.எச். சோதனையும், சுண்ணாம்பு தகுமா என்பதைச் சல்பேட் சோதனையுமே காட்டும். சல்பேட் 0.3 சதவீதத்துக்கு மேற்பட்டால் எச்சரிக்கை தேவை. மண்ணில் சுண்ணாம்பைக் கலந்து, ஈரத்துடன் சில நாள் ஊறவிட்டால், படிகம் முன்னதாகவே வளர்ந்துவிடும், பிறகு இறுக்கலாம். சல்பேட் மிக அதிகமானால் மண்ணை மாற்றுவதே மேல்.

சோதனைச் செலவு சொற்பம். தூக்கிய தளத்தைப் பெயர்க்கும் செலவோ பெரிது. ஆகவே, அடுத்த முறை சுண்ணாம்பை யாரேனும் சிபாரிசு செய்தால், சல்பேட் அளவு என்ன என்று கேளுங்கள்.