முறுக்கேறும் கம்பி

1965-ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கின் மூக்குக்கு அடியில், இடது சக்கரப் பக்கத்திலிருந்து வலது பக்கம் வரை குறுக்கே படுத்திருக்கிறது ஸ்வே பார். பானெட்டைத் திறந்து வி8 இன்ஜினை வியக்கிறவர்கள் குனிந்து இதைப் பார்ப்பதில்லை. எனக்கோ அந்த வண்டியிலேயே மிக நாசூக்கான உறுப்பு இதுதான்.

முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே மேட்டில் ஒன்றாக ஏறினால், இந்தக் கம்பி தன் ரப்பர் புஷ்களுக்குள் புரண்டு கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாய்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்குகிறது, எதிர்ப்பக்கத்தது நீள்கிறது. அப்போதுதான் கம்பி முறுக்கேறி, சாய்வை இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒத்துப்போகும் வரை அதற்கு வேலையே இல்லை!

சாதாரண மஸ்டாங்கில் வந்த கம்பியின் விட்டம் 11/16 அங்குலம், ஏறக்குறைய 17.5 மி.மீ. அதே ஆண்டு கரோல் ஷெல்பி அந்தக் காரை ஜிடி350 ஆக்கியபோது 1 அங்குலக் கம்பியைப் போட்டார். கையில் பிடித்தால் விரல் சற்றே கூடுதலாக விரியும், அவ்வளவுதான். ஆனால் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவது. எட்டு மில்லிமீட்டர்கூட வராத அந்தக் கூடுதல் பருமன், விறைப்பை நாலரை மடங்காக்கிவிடுகிறது. சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம்களின் பொருத்துமிடத்தை 1 அங்குலம் கீழே இறக்கிய கையும் அதே கைதான். சாய்விலும் வெளிச்சக்கரம் நிமிர்ந்து நிற்க அது உதவியது. தடித்த கம்பியை மட்டும் மாட்டிவிட்டு ஷெல்பி ஆகிவிட்டதாக நினைப்பவர்களை என்ன சொல்ல!

கம்பியை மாற்றும்போது பழையதைக் கழற்றுவது துருவோடு மல்லுக்கட்டும் வேலை, அதை விடுங்கள். மாட்டுவதில்தான் ருசி. புதுக் கம்பியின் இரு முனைகளும் தட்டையாக அடிக்கப்பட்டு, நடுவே துளையிடப்பட்டிருக்கும். அந்த முனையைக் கீழ் ஆர்மோடு இணைப்பது ஒரே ஒரு நீண்ட போல்ட். வாஷர், புஷ், ஆர்ம், புஷ், வாஷர்; நடுவில் இடைவெளிக் குழாய்; மறுபடி வாஷர், புஷ், கம்பி முனை, புஷ், வாஷர், கடைசியில் நட்டு. மாலை கோப்பது போன்ற வரிசை இது. வாஷர்களின் குழிந்த முகம் ரப்பரைப் பார்த்தே இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தால் போல்ட் துளைக்கு வராது, முரண்டு பிடிக்கும். இரு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் விரலாலேயே உள்ளே போய்விடும். சேஸிஸில் கம்பியைப் பிடிக்கும் கிளாம்ப்களை அதுவரை இறுக்காமல் தளர்வாக விட்டிருப்பார் நல்ல மெக்கானிக். நட்டை முறுக்கும்போது அவர் கண் இருப்பது ரப்பரில். அது பிதுங்கி வாஷரின் விளிம்பளவுக்கு வந்ததும் ஸ்பானர் நிற்கும்.

பளிச்சென்ற சிவப்புப் பாலியூரித்தேன் புஷ்களும் கடையில் கிடைக்கின்றன. விறைப்பானவைதான், ஆனால் தோதான கிரீஸ் தடவாவிட்டால் வேகத்தடைக்கு வேகத்தடை கிறீச்சிடும். சாலையில் ஓட்டும் காருக்குக் கறுப்பு ரப்பரே போதும் என்பது என் கட்சி.