சுவரைவிட மெலிந்த பூச்சு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். சுவரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. சித்திரை வெயிலிலும் உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்தச் சுவர். கொஞ்சம் ஒதுங்கி நின்றால் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் மங்கலாகப் படர்ந்திருப்பது தெரியும். பெயின்ட் மினுமினுப்புக்கு அந்த ஆழம் வராது.

“முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசியது” என்பார்கள். கடைசிப் பூச்சில் போட்டதுதான். ஆனால் பேரெல்லாம் முட்டைக்கே போய்விட்டது அநியாயம். வேலை முழுக்கச் சுண்ணாம்பில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டு, தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். காற்றுப் படாமல் தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை இறுகாது. ஊற ஊற வெண்ணெய்போல் குழையும். பிறகு மணலோடு செக்கில் அரைப்பு, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். முதல் பூச்சு சொரசொரப்பாக, அதன்மேல் வருவது ஒவ்வொன்றும் இன்னும் சன்னமாக. கடைசிப் பூச்சு ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். கை ஓய்ந்த இடம் சுவரில் மங்கலாகக் காட்டிக்கொடுத்துவிடும். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளில் இருக்கும் சுதை வேலையும் இதே குடும்பம்தான்.

பழைய வீட்டைப் பழுதுபார்க்க வருகிறவர் முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போகவேண்டும். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அங்கே பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அந்த இடத்தைச் சிமென்ட்டால் அடைப்பதுதான் நம் ஊர் வழக்கம். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கும், ஓரங்களில் உப்புப் பூக்கும். சில வருஷத்தில் சிமென்ட் பாளமாகப் பெயர்ந்து விழும்போது அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பழைய செங்கல்லின் மேல்தோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உரிந்த செங்கல் பிறகு மாவாக உதிரும்.

சுண்ணாம்புப் பூச்சின் அருமை அதன் மெலிவில் இருக்கிறது. செங்கல்லைவிட மிருதுவானது. சுவர் கொஞ்சம் அசைந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். மயிரிழை வெடிப்பில் மழைநீர் இறங்கினால், கரைந்த சுண்ணாம்பே அங்கே மறுபடி படிந்து அடைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் வந்தால் அழிவது பூச்சுதான், செங்கல் தப்பிக்கும். பூச்சை மறுபடி பூசிக்கொள்ளலாம். நூறு வருஷத்துச் செங்கல்லுக்கு எங்கே போவது?

காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உள்ளே வாங்கித்தான் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. ஈரச் சாக்குப் போட்டுக் காக்கவேண்டும், ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைத் தொடக்கூடாது. கான்ட்ராக்டருக்கு இது பிடிக்காத சமாசாரம்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்துவிட்டு, வெறும் வெள்ளை ஏழ்மையாகத் தெரிகிறதென்று மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கிறவர்களை என்ன சொல்வது! சுவரின் மூச்சை மறுபடி அடைத்ததுதான் மிச்சம். வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும். மழையில் கரைந்தால் பொங்கலுக்கு முன் இன்னொரு கை அடித்துக்கொள்ளலாம்.