சதுரத்துள் அடங்கிய நிழல்

என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் திருவொற்றியூரிலிருந்து என்னைக் காண வந்தார். தோளில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் திறந்தால், மேலொன்று கீழொன்றாக இரண்டு வில்லைகள் பொருந்திய பழைய யாஷிகா மாட் காமிரா. அதில் எண்ணூர்ப் பக்கம் எடுத்த பன்னிரண்டு படங்களை ஒரே தாளில் அச்சிட்டுக் கொணர்ந்திருந்தார். உடன், தயானிதா சிங் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரின் நூல்கள் சிலவும் இருந்தன. "ஹஜ்ரத், கைப்பேசியில் ஆயிரம் எடுத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்" என்றார். ஒரு வாரம் வைத்திருந்து பார்த்தேன். அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காமிராவை நான் அறிவேன். அதில் இடும் பிலிம் சுருள் நூற்றிருபது எனப்படும். கோடாக் நிறுவனம் 1901ஆம் ஆண்டில் கொண்டுவந்த அளவு அது, இன்றும் மாறவில்லை. ஆறு சென்டிமீட்டர் அகலம், பின்னால் எண்கள் பொறித்த தாள். சதுரப் படமாக எடுத்தால் பன்னிரண்டோடு சுருள் தீர்ந்துபோம். பதின்மூன்றாவதற்கு இடமில்லை என்பதால் எடுப்பவர் ஒவ்வொன்றுக்கும் தயங்குவார். இவ்வகைக் காமிராவைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிப்பதில்லை. நெஞ்சோடு அணைத்து, மேல்மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் மங்கல் கண்ணாடியில் தலைகுனிந்து பார்க்க வேண்டும். அதில் உருவம் இடவலம் மாறித் தோன்றும்.

என் சிறு பிராயத்தில் இராயபுரத்து ஸ்டூடியோக்களில் இத்தகைய காமிராக்களே இருந்தன. 1979இல் என் நன்னிமா ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அக்காலத்தில் பம்பாய் சென்று கப்பலேற வேண்டும்; அந்தக் கடல்வழிப் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. பாஸ்போர்ட்டிற்குப் படம் வேண்டுமென்றார்கள். அறுபது வயது வரை எந்தப் படத்திற்கும் முகம் கொடாதவர் நன்னிமா. அத்தா எவ்வளவோ எடுத்துரைத்து அழைத்துச் சென்றார்; முக்காட்டைச் சரிசெய்துவிட நானும் உடன் போனேன். ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டார், தலையைக் குனிந்தார், சற்று நேரம் அப்படியே நின்றார். 'டக்' என்று மெல்லிய ஓசை. அவ்வளவுதான். வெளியே வந்ததும் நன்னிமா, "முறைச்சுப் பாக்காம குனிஞ்சு பாக்குறாரு, நல்ல மனுஷன்" என்றார். வந்த உறையின் மேல் ஓர் எண். மறுபிரதி வேண்டுவோர் அந்த எண்ணைக் குறிப்பிடுக என்று அச்சிட்டிருந்தது. எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையே எழுதிய உடன்படிக்கை போன்றது அந்த எண். என் மாணவருக்கு நான் சொல்ல வந்ததன் வித்து இதில்தான் இருக்கிறது.

இடையே சொற்களைப் பற்றி ஒரு செய்தி. காமிரா என்பது 'கம்ரா' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம்மவர் மேடைகளில் பெருமையாகச் சொல்வதுண்டு. அது பொருந்தாது, வளைகூரை கொண்ட அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல் அது. இருட்டறைக்குள் சிறு துளை வழியே ஒளி வரையும் உருவை இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார் என்ற உண்மை இருக்க, இல்லாத பெருமை நமக்கெதற்கு? எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முத்தீயீ ஒளிப்படம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். புதியதோர் உருவைப் படைப்பதன்று, உள்ள நிழலைப் பிடித்து நிறுத்துவதே அது என்பது அவர் வாதம். 'ஹப்ஸுள் ளில்', நிழலைச் சிறைவைத்தல் என்றார். இதனை ஏற்காத ஆலிம்களும் பலர். அந்த வழக்கிற்குள் நான் இப்போது புகவில்லை. ஆனால் தமிழும் இதை நிழற்படம் என்றே அழைத்தது எனக்கு வியப்பளிக்கிறது. சிறைவைத்த நிழல் யாருடையது என்ற வினா அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

அந்தச் சுருள்களுள் ஒரு பகுதி நம் நாட்டிலேயே, உதகமண்டலத்தில் செய்யப்பட்டது. 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் அதை விற்றது. அந்த ஆலை நலிவுற்று மூடப்பட்டுவிட்டது. ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாகப் போயின. உப்புக்காற்றில் நெகடிவ்கள் பூஞ்சை பிடித்தன. எஞ்சியவற்றை உள்ளிருக்கும் வெள்ளிக்காகப் பழைய சாமான்காரர் எடைபோட்டு வாங்கிச் சென்றனர். நன்னிமாவின் உறையை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் கழித்து நான் போனபோது அங்கே வேறு கடை இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்படியாக்கிக் காத்துவருவது நற்பணி. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அழிந்தவை எத்தனையோ.

இனித் தயானிதா சிங். ஹாஸல்பிளாட் என்னும் சுவீடன் நாட்டுச் சதுரக் காமிராவில் நெடுங்காலம் படமெடுத்தவர். அந்தப் பெயரிலேயே வழங்கப்படும் உலக விருதை 2022இல் பெற்ற முதல் இந்தியர். 2013இல் வந்த 'ஃபைல் ரூம்' நூலை நான் இரண்டு முறை புரட்டினேன். அலுவலகங்களில் துணியில் கட்டி அடுக்கிய காகித மூட்டைகள், தூசி, ஏணி, காவலிருக்கும் ஒரு மனிதர். ஏட்டுப்பிரதிகள் நிறைந்த மதரஸாக் கிடங்கில் இளமையைக் கழித்தவனுக்கு அந்தத் தாள்களின் வாடையே வீசியது. சதுரச் சட்டம் அலமாரிக்கு வெகு பொருத்தம்.

ஆயினும் அவர் வாழ்வில் என்னை நிறுத்திய நிகழ்ச்சி வேறு. 1989இல் இலண்டன் 'டைம்ஸ்' இதழுக்காகத் தில்லியில் அரவானிகளைப் படமெடுக்கச் சென்றார். அங்கே மோனா அஹமது என்பவர் மனமுவந்து நின்றார். படம் இலண்டனில் வெளியாகும் என்று பிறகு தெரிந்ததும், அங்கே தம் உறவினர் இருப்பதாகச் சொல்லிப் படங்களைத் திருப்பிக் கேட்டார். தயானிதா மறுபேச்சின்றிப் பிலிம் சுருள்களையே எடுத்துக் கொடுத்துவிட்டார். தொழில் நோக்கில் அது நட்டம். அந்த நட்டத்திலிருந்தே 2017இல் மோனா இறக்கும் வரை நீண்ட நட்பு பிறந்தது. தில்லியில் ஒரு கப்ருஸ்தானில் வீடமைத்து வாழ்ந்த மோனாவைப் பற்றி 2001இல் நூல் வந்தபோது, அதன் உரை மோனாவின் சொற்களாகவே, பதிப்பாளருக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்களாகவே அமைந்தது. அந்நூலின் உயிர் எங்கே என்று கேட்டால், காமிராவில் என்று நான் சொல்லமாட்டேன். திருப்பிக் கொடுத்த சுருள்களில் என்பேன்.

அவர் நூல்கள் எல்லாமே எனக்கு உவப்பானவை அல்ல. 2009இல் வந்த 'புளூ புக்' ஆலை நிலங்களைக் காட்டுவது. பகலொளிக்குரிய வண்ணச் சுருளைக் கதிரவன் மறைந்தபின் பயன்படுத்தியதால் யாவும் நீலமாயின. கண்ணுக்கு இனிமைதான். ஆனால் ஆளரவமற்ற அந்த நீலத்தில் அனல் தெரியவில்லை. எண்ணூரைச் சுற்றி வாழ்வோர்க்கு ஆலை என்பது வண்ணமன்று. இருமல், வலையில் ஒட்டும் எண்ணெய், பட்டா இல்லாத வீடு.

என் மாணவரின் தாளிலும் இதே இடர் உள்ளது. பன்னிரண்டில் பத்து, புகைபோக்கிகளும் குழாய்களும். 1970 முதல் 2017 வரை இயங்கிய பழைய அனல்மின் நிலையம், கொசஸ்தலையாற்றின் கழிமுகம், நிலக்கரி ஏற்றும் பட்டைகள். கழுவியதும் அச்சிட்டதும் பிழையற்றவை. குறை சொல்ல இடமில்லை. அதுவே குறை. கறுப்பு வெள்ளையில் சாம்பல் சாம்பலாகத் தெரிவதில்லை, மேலான ஓர் இடைநிறமாகிவிடுகிறது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் கண்டோம். அந்த எண்ணெயை இந்தச் சுருளில் எடுத்தால் மெருகிட்ட கண்ணாடிபோல் மின்னும். பெரிய நெகடிவ் நுணுக்கத்தைத் தரும். எது நஞ்சு என்று அது சொல்லாது.

பதினொன்றாவது ஒரு படகு. பன்னிரண்டாவதில் ஒரு பெண்மணி இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவுகிறார். முகம் நம்மை நோக்கியிருக்கிறது, சிரிப்புமில்லை, சினமுமில்லை. தாளில் அதுவே உயிருள்ள படம்.

"இவர் பெயர் என்ன தம்பி?" என்றேன்.

"கேட்கவில்லை ஹஜ்ரத். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது."

வடசென்னையின் நெடுநாள் குறை இது. பத்திரிகையும் திரைப்படமும் ஆய்வாளரும் இப்பகுதியை எத்தனை முறை எடுத்திருப்பர்! எடுக்கப்பட்டோர் வீட்டுச் சுவரில் அவற்றுள் ஒன்றேனும் தொங்குகிறதா? ஸ்டூடியோக்காரர் கலைஞரென்று பெயரெடுத்தவரல்லர். பின்னால் ஒரு திரையும் முக்காலியும் வைத்து, எல்லோரையும் ஒரே நிலையில் நிறுத்தி எடுத்தார். ஆனால் வந்தவர் விரும்பிய வண்ணம் எடுத்தார், படத்தை அவர் கையில் கொடுத்தார். கலையின் பெயரால் அந்த முறைமையைக் கைவிட்டுக் காமிராவை மட்டும் வைத்துக்கொள்வதை நான் முன்னேற்றமென்று கருதவில்லை. தலைகுனிந்து பார்ப்பது அந்தக் கருவியின் அமைப்பு. அதையே அடக்கமென்று எண்ணி மயங்கிவிடலாகாது.

தயானிதா சிங் ஊரக இந்திய மக்கள் ஆவணக் களஞ்சியத்தோடு இணைந்து ஏற்படுத்திய ஒளிப்பட விருதின் முதற்பரிசு, 2022இல் நம் எம். பழனிக்குமாருக்குக் கிடைத்தது. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். மதுரையில் மீன் விற்ற தம் தாயாரையே படமெடுத்து எழுதியவர். யார் என்றே தெரியாத உழைப்பாளி ஒருவரை எடுப்பதற்கும், தன்னை வளர்த்த கையை எடுப்பதற்கும் உள்ள தொலைவை அப்படங்களில் உணரலாம்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவர் நெடுநேரம் பன்னிரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு எண்ணூருக்குப் போவதாகச் சொன்னார். அந்த அம்மாள் அதே இடத்தில் இருப்பாரோ மாட்டாரோ என்று ஐயப்பட்டார். பிறகு, எந்த அளவில் அச்சிடலாம் என்று கேட்டார். வீட்டில் மாட்டும் அளவில், உறையின் மேல் எண்ணும் எழுதி என்றேன்.