வீட்டுப் பந்தலும் வெள்ளைத் தேறலும்

கண்டி மஹய்யாவயில் முற்றத்துப் பந்தலில் கொடிமுந்திரிகை ஏற்றினால் இலை தழைக்கும். குலை பழுக்கிற நேரம் பார்த்து மழை வரும். இரண்டு பருவக் காற்றும் கண்டிக்கு மழை கொண்டுவருகின்றன. கொடி இலையுதிர்த்து உறங்கும் அளவுக்குக் குளிரும் இங்கே இல்லை. அந்தப் பழத்தில், பத்து வருடம் நிற்கிற இனிப்பு வெள்ளை வைன் எடுக்கலாமா என்று கேட்பவர், மற்ற ஊர்க்காரர் பழத்தில் இனிப்பை எப்படிச் சேர்த்தார்கள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

பிரான்சின் சோத்தேர்ன் மரபு பூஞ்சணத்தை நம்பியது. சிரோன் ஆற்றின் காலை மூட்டத்தில் பொட்ரைற்றிஸ் பழத்தோலைத் துளைக்கும். பிற்பகல் வெயிலில் நீர் வற்றிச் சீனியும் புளிப்பும் செறியும். 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் ஷத்தோ திக்கேம் மட்டும் தனிப்படியில் ஏறியது. ஹங்கேரியின் தொக்காய் அதே பூஞ்சணத்தைக் கூடைக் கணக்காக்கியது: 136 லீற்றர் பீப்பாய்க்கு வற்றிய பழம் எத்தனை கூடை என்பதே பழைய தரம். கண்டியிலும் காலை மூட்டம் உண்டு; பிற்பகல்தான் கைவிடும். இங்கே அந்தப் பூஞ்சணம் சாம்பல் அழுகலாய் முடியும். ஜெர்மன்காரரின் ஐஸ்வைனுக்கோ கொடியிலேயே பழம் உறைய மைனஸ் 7 பாகை வேண்டும். நுவரெலியாக்காரரும் அதற்கு ஆசைப்பட முடியாது.

எனக்குப் பிடித்தது இத்தாலியின் வின் சாந்தோ. குலைகளைப் பாயில் பரப்பியோ உத்தரத்தில் தொங்கவிட்டோ மாதக்கணக்கில் உலர்த்திப் பிழிந்து, சின்னப் பீப்பாய்களில் அடைத்துக் கூரைக்கடியில் வைப்பார்கள். கியாந்திப் பகுதியில் குறைந்தது மூன்று வருடம் என்பது விதி. நிலவறை இல்லாத வீட்டுக்கு இதைவிட ஆறுதலான மரபு வேறில்லை. நம் தகரக் கூரையின் கீழ் கோடை வரும், குளிர்காலம்தான் வராது. வற்றல் நமக்கும் புதிதல்ல. அதைப் ‘பிளம்ஸ்’ என்று கூப்பிட்டுப் பாயாசத்தில் போடுவதுதான் நம் வினோதம்.

தென்பிரான்சின் போம்-த-வெனீஸில் நொதித்தல் பாதியில் இருக்கும்போதே மதுசாரம் ஊற்றி மதுவத்தை அடக்குவார்கள். அங்கே மஸ்கற் பழம். அதன் வாசம் பெரும்பாலும் இளமைக்குரியது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுக் கம்பம் பன்னீர்த் திராட்சையும் மஸ்கற் வம்சமே. கருந்தோல்தான் என்றாலும் தோலை உடனே விலக்கிப் பிழிந்தால் சாறு வெளிறி வரும்.

எந்த மரபானாலும் வைனை நிற்கவைப்பதில் புளிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சீனி ஒரு வீத மதுசாரமாகும். 15 வீதத்தை அண்டும்போது பெரும்பாலும் மதுவம் களைத்துவிடும், மீந்த சீனி இனிப்பாய் நிற்கும். அதற்கு ஈடான புளிப்பு இல்லையென்றால் கையில் இருப்பது கித்துள் பாணிக்குத் தங்கை. தொக்காயின் ஃபுர்மின்ற் பழம் பேர்வாங்கியது அதன் கூரான புளிப்பால். வெப்பநாட்டுப் பழத்தில் அது விரைவில் கரையும். ஆகவே சீனிமானியை மட்டும் நம்பிப் பறிப்பவர் ஏமாறுவார்; நாக்கையும் கேட்க வேண்டும். பிறகு வண்டலிலிருந்து வடித்து வடித்துத் தெளியவிட வேண்டும். தேறல் என்ற நம் பழஞ்சொல்லே தெளிவைத்தான் சொல்கிறது.

இந்நாட்டுத் தமிழரிடையே இதற்கு ஒரு வீடு உண்டென்றால் அது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி. தோமஸ் அடிகளார் 1928இல் தொடங்கிய செபமாலைத்தாசர் ஆச்சிரமம் நெல்லிரசத்துக்கும் வைனுக்கும் பேர்போனது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலமும் வரண்ட வெயிலும் கொடிக்கு ஒத்துப்போகின்றன. கண்டிக்கு அந்த வெயில் இல்லை, ஆனால் 1893இலேயே அம்பிட்டியவில் பாப்பரசரின் குருமடம் எழுந்த ஊர் இது. பூசை வைனின் அளவுகோல் இங்கே பழையது. கொடியின் கனியிலிருந்து வந்த இயற்கையான வைன், கெட்டுப்போகாதது என்பதே திருச்சபைச் சட்டம். சீனிப்பையைத் திறக்கும் வீட்டுக்காரர் இதை ஒருமுறை நினைக்கலாம்.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிக்க முடியாது. அது கைக்கு வரும்வரை குலைகளைக் கூரைக்கடியில் தொங்கவிட்டு உலர்த்திப் பழகலாம். வின் சாந்தோவில் பாதி வேலை அதுதான்.