தா, தி-தி, தேமா, புளிமா

தாளத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று யார் வந்தாலும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த விளையாட்டிலிருந்து தாளத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வருகிறவற்றில் பலவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ‘இந்தக் குறிக்கு எத்தனை எண்ணிக்கை?’ என்று கேட்பார்கள். சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். இசைக்குறிக்குப் பதிலாக மாநிலத் தலைநகரங்களை வைத்தாலும் விளையாட்டு அப்படியே ஓடும். தாளம் அங்கே வெறும் ஸ்டிக்கர்.

கைப்பேசிச் செயலிகள் கொஞ்சம் பரவாயில்லை. விழுகிற கட்டத்தைச் சரியான நேரத்தில் தட்ட வேண்டும். ஆனால் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது இயந்திரம். பிள்ளை கண்ணால் பார்த்துத் தட்டுகிறது. அதோடு (பொறியாளன் புத்தி, மன்னிக்கவும்) புளூடூத் வழியாகக் கேட்டால் ஒலி 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாக வருவது சகஜம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் கால்பங்கே 125 மில்லிசெகண்டுதான். ஆக, காதை நம்புகிற பிள்ளை தோற்கும், கண்ணை நம்புகிற பிள்ளை ஜெயிக்கும். இசை கற்பிக்க இதைவிட மோசமான விதி இருக்க முடியுமா?

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் (1882–1967) பெயரில் வழங்கும் முறை இதற்கு நேர் எதிர். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு ஒன்று. பிள்ளைகள் பாடிக்கொண்டே வட்டமாக நடப்பார்கள். ஆசிரியர் சைகை காட்டியதும் வாய் மூடிவிடும். பாட்டு மனசுக்குள் ஓடும், கால் நிற்காது. அடுத்த சைகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்க வேண்டும், பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறதோ அந்த இடத்தில். ஒரே சொல்லில் வெளியே வந்தால் வெற்றி. ஆளுக்கொரு சொல்லில் வந்தால் சிரிப்பு. மார்க் போட ஆளே வேண்டாம். தாளத்தை எடுத்துவிட்டால் இங்கே ஒன்றுமே மிச்சமில்லை.

கோடாய் இதைச் சும்மா உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு சேகரித்தவர். அவரும் பார்டோக்கும் அடித்தளமிட்ட ஹங்கேரிய நாட்டார் இசைப் பெருந்தொகுப்பின் முதல் தொகுதி 1951இல் வந்தது. அதில் இருந்தவை காதல் பாட்டோ ஒப்பாரியோ அல்ல, சிறுவர் விளையாட்டுகள்.

நாட்டுப்பாடல்தான் பிள்ளையின் இசைத் தாய்மொழி என்ற அவருடைய பிடிவாதம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இங்குள்ள நம் பிள்ளைகளின் காதில் இருப்பது சினிமாப் பாட்டும் மலாய்ப் பாட்டும். குலை குலையா முந்திரிக்கா விளையாடத் தெரிந்த பிள்ளையை இன்றைக்கு ஒரு தாமானில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடாயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய பாட்டுகளை அல்ல. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்குகிற வழியை.

ஆனால் நான் பார்த்த வகுப்பு நோட்டுகளில் வந்து சேர்ந்திருப்பது ஓசைப்பெயர்கள் மட்டும்தான். ஒரு தட்டுக்கு ஓர் ஓசை வந்தால் ‘தா’, இரண்டு வந்தால் ‘தி-தி’. (இவையும் ஹங்கேரியச் சொத்தல்ல, பிரான்சின் ஷெவே முறையிலிருந்து வந்தவை.) இப்போது இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு பெயர்களையும் நாலு விதமாகத்தான் அடுக்க முடியும். தா தா: தேமா. தி-தி தா: புளிமா. தா தி-தி: கூவிளம். தி-தி தி-தி: கருவிளம். நம் ஈரசைச்சீர் வாய்பாடு நாலும் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகின்றன! மேல்வகுப்பில் யாப்பிலக்கணம் என்று கசக்கக் கசக்க மனப்பாடம் செய்வதும், கீழ்வகுப்பில் இசை என்று கைதட்டுவதும் ஒரே விஷயம். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரோடு இதை விளையாடிப் பார்த்தேன். விதி: நிற்காமல் இரண்டிரண்டு தட்டாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முறை வரும்போது ஒரு தின்பண்டத்தின் பெயர். முன்னால் சொன்னவரின் நடையில் சொல்லக்கூடாது. மீகூன் என்றால் தேமா, கடலை புளிமா, கேசரி கூவிளம், அதிரசம் கருவிளம். இந்தப் பெயர்களை நான் வாயே திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் “மாமா, அது அதிரசம் மாதிரியே இருக்கு, அவுட்” என்று அவர்களே தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

யாப்பு படித்தவர்கள் இங்கே சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நியாயம்தான். அசை வேறு, கால அளவு வேறு. ‘லட்டு’ நேர்நேர், தேமா. ஆனால் லட் ஒன்றரை மாத்திரை, குற்றியலுகரமான டு அரை மாத்திரை. கூட்டினால் இரண்டு, அதாவது ‘தேமா’வில் வருகிற ‘தே’ ஒன்றுக்குச் சமம். தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு கண் இமைப்பதும் விரல் நொடிப்பதும். கணக்குப் போட நோட்டு தேவையில்லை, விரல் போதும்.

லட்டு வந்தபோது ஆட்டம் நின்றது. பெரியவள் இழுத்து இரண்டு தட்டில் சொன்னாள். சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை. “லட்டு ஒரு தட்டுதான், இன்னொரு லட்டு வைக்க இடம் இருக்கு.”